ஆசிரியன் இறந்தான், சொத்து யாருக்கு?

‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று தமிழில் அறிவிக்கப்பட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிறுபத்திரிகைகளின் பக்கங்களில் ரோலான் பார்த்தும் ஃபூக்கோவும் குடியேறினார்கள். பிரதிதான் உண்டு, ஆசிரியன் என்பவன் மொழியின் ஒரு விளைவு மாத்திரமே, எழுதுவது என்பது ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை மறுபடி நெய்வது என்றெல்லாம் வாதம் நடந்தது. எனக்கு அப்போது எழுத்துக்கூட்டவே தெரியாது. அந்த இதழ்களைப் படித்தது வெகுகாலம் கழித்து, ஜெராக்ஸ் பிரதிகளாக. (ஜெராக்ஸ் பற்றிப் பிறகு வருகிறேன்.) அவற்றில் மொழிபெயர்ப்புகளாக வந்த கட்டுரைகளுக்கு யாரிடமாவது அனுமதி வாங்கியதாக ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. ஆசிரியனே செத்துப்போன பிறகு யாரைப் போய்க் கேட்பது என்பது வேடிக்கையான பதில். உண்மையான பதில் வேறு. சில நூறு பிரதி அடித்து, அதில் பாதியை இனாமாகத் தபாலில் போடுகிற இதழுக்கு ‘உரிமை’ என்பது முகப்புப் பக்கத்தின் பின்னால் அச்சாகும் ஒரு சொல், அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே வட்டாரத்தில் வேறு குரல் கேட்கிறது. ‘என்னைக் கேட்காம என் கதைய எப்படி அந்த மிஷினுக்குத் தின்னக் குடுத்தாங்க?’ என்று ஒரு எழுத்தாளர் என்னிடம் கேட்டார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, உலகத்தின் எழுத்தையெல்லாம் வாரிச் சுருட்டிக் கற்றுக்கொண்ட மொழி இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவை தமிழிலும் எழுதுகின்றன. சுமாராகத்தான், ஆனால் எழுதுகின்றன. எழுத்தாளரின் கோபம் நியாயமானது. நான் கவனிக்க விரும்புவது கோபத்தை அல்ல, அது பேசுகிற மொழியை. நேற்றுவரை பிரதியின் விடுதலையைப் பேசியவர்கள் இன்று கையில் பட்டாவோடு, சர்வே நம்பர் சொல்லி எழுந்து நிற்கிறோம். அறிவுசார் சொத்து என்ற கருத்தாக்கத்தை எந்த விசாரணையும் இல்லாமல் அப்படியே எடுத்து விழுங்கியிருக்கிறோம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லை நாம் கண்டுபிடிப்புக்கும் புத்தகத்துக்கும் சேர்த்தே புழங்குகிறோம். புத்தகத்துக்குப் ‘பதிப்புரிமை’ என்பது சற்றுத் தெளிவு. இரண்டிலும் இருப்பது ‘உரிமை’. பேச்சுரிமை, வாக்குரிமை, நிலவுரிமை எல்லாவற்றிலும் வருகிற அதே சொல். உரிமை கேட்பது நமக்குப் போராட்ட மொழி. எனவே பதிப்புரிமை கேட்பதும் ஒரு போராட்டம்போலவே காதில் விழுகிறது. ஆனால் சட்டம் இங்கே பேசுவது உரிமையை அல்ல, உடைமையை. வாங்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், பங்கு பிரிக்கலாம். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் நாம் ஒன்றின் உடுப்பை மற்றதற்கு மாட்டிவிட்டோம். விந்தை என்னவென்றால், உடைமை என்ற சொல்லை நாம் சரியாகப் பயன்படுத்திய ஒரே இடம், உடைமையை ஒழித்த இடம். ‘நாட்டுடைமை’ என்றோம்.

அந்தக் கதை பலருக்கும் பாதிதான் தெரியும். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்று அதை விரிவாக எழுதியிருக்கிறார். நான் இங்கே அதை வேறொரு காரியத்துக்காக எடுத்துக்கொள்கிறேன்.

‘ஆசிரியன் என்றால் என்ன?’ என்ற 1969ஆம் ஆண்டு உரையில் ஃபூக்கோ ஒன்றைச் சொல்கிறார். பிரதிகளுக்கு ஆசிரியன் என்று ஒரு ஆள் தேவைப்பட்டது, அவனுக்குக் கூலி கொடுப்பதற்காக அல்ல, அவனைத் தண்டிப்பதற்காக. எழுத்து முதலில் குற்றம், பிறகுதான் சொத்து. ஐரோப்பாவுக்கு இது எவ்வளவு பொருந்துமோ தெரியாது, பாரதிக்கு அச்சாகப் பொருந்துகிறது. 1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசினார். கவிஞன் செத்து ஏழு வருஷம் கழித்து அவன் பெயர் சட்டத்தின் முன்னால் குற்றவாளியாக நிற்கிறது. அதற்கடுத்து அதே பெயர் நீதிமன்றத்துக்கு வந்தது சொத்தின் பெயராக.

1921இல் பாரதி இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியவை கையெழுத்துப் படிகள்தாம். சாவதற்கு முந்தைய வருஷம்தான் தன் எழுத்துகளை 40 தொகுதிகளாக அச்சிடப் பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோல் தன் புத்தகங்கள் விற்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு அவர் உயிரோடு இருந்தவரை பலிக்கவில்லை. செல்லம்மாள் பாரதி ஆச்ரமம் என்று ஆரம்பித்துப் புத்தகம் போட்டுப் பார்த்தார், நடத்த முடியவில்லை. நூல்களின் உரிமை பின்னாளில் பாரதி பிரசுராலயத்திடம் போயிற்று. இதற்கிடையில் இசைத்தட்டு வந்துவிட்டது. பாட்டு ஒன்றுதான், ஆனால் அதைப் பாடி ஒலிக்கவைக்கும் இயந்திரம் புதிது. புது இயந்திரம் வந்தால் சட்டம் பழைய எழுத்தின் வயிற்றிலிருந்து ஒரு புது உரிமையைப் பிரசவிக்கும். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியாகப் பிரிந்து, 1930களில் சில நூறு ரூபாய்க்கு ஒரு வணிகரிடம் போயிற்று, அங்கிருந்து கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, ஊரே பாடியது. அதற்கடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற, அது எங்கள் உரிமை என்று ஏவி.எம். தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது.

தமிழ் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் தேசபக்தர்களும் கொதித்துப் போனார்கள். பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. பெயரைக் கவனியுங்கள். விடுதலை செய்யப்படவேண்டிய கைதி பாரதி. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடமிருந்ததைப் பணம் வாங்காமலேயே கொடுத்துவிட்டார். குடும்பத்தினருக்கு அரசு பணம் கொடுத்தது. பிறகு அதைப் பொதுமக்கள் எவரும் அச்சிடலாம், பாடலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி ஊருக்குத் திறந்துவிட்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்கிறார் வேங்கடாசலபதி.

இந்த வெற்றிக்கதையை நாம் சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிவிடுகிறோம். பிரசுராலயத்தின் மீதும் குறைகள் சொல்லப்பட்டன என்பது மெய். ஆனால் நெருப்பைக் கொளுத்திப்போட்டது அச்சுப் புத்தகம் அல்ல, ஒலிப்பதிவு. அதாவது பாரதி எழுதும்போது அவர் மனத்தில் இல்லாத, அவரிடம் யாரும் கேட்டிராத ஒரு இயந்திரத்துக்கான உரிமை. ஆசிரியனின் பெயரால் அந்த உரிமையை வைத்திருந்தவர் ஆசிரியனும் அல்லர், அவன் வாரிசும் அல்லர். இயந்திரத்தைக் கையில் வைத்திருந்தவர். பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியன் வகிக்கும் பாத்திரம் இதுதான் என்பது என் கட்சி. மேடையில் அவன் உடுப்பு நடமாடுகிறது, உள்ளே இருக்கும் ஆள் வேறு.

இதே தேசத்தில் இன்னொரு மகாகவிக்கு நேர்மாறானது நடந்தது. தாகூர் இறந்தது 1941. அப்போதைய சட்டப்படி 50 ஆண்டு கழித்து, 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவாகியிருக்க வேண்டும். உரிமை விஸ்வபாரதியிடம் இருந்தது. கெடு முடியும் தருவாயில் அவசரச் சட்டம் போட்டு, 1992இல் சட்டத்தையே திருத்தி, 50ஐ 60 ஆக்கினார்கள். ஒரு கவிஞனுக்காக, தேசத்தில் எழுதிச் செத்தவர்கள் எல்லோருக்கும் பத்து வருஷம் கூட்டிவிட்டார்கள். சென்னையில் அரசு உரிமையை வாங்கிக் கரைத்தது, டெல்லியில் அரசு உரிமையை நீட்டியது. ‘அரசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம்புகிற தோழர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னை மாதிரியும் நாளடைவில் என்ன ஆயிற்று? நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. வாரிசுகளுக்குப் ‘பரிவுத்தொகை’ வழங்கப்படுகிறது. பரிவு! 1949இல் அது ஒரு பொதுக் கோரிக்கையின் விளைவு. இன்று அது பொன்னாடைக்கு அடுத்தபடியான ஒரு மரியாதை. வறுமையில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் சோறு போடுகிறது என்பதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் யாருடைய எழுத்து எதற்காகப் பொதுவாக வேண்டும் என்ற விவாதம் அதில் கழன்று விழுந்துவிட்டது.

நாம் மட்டும் யோக்கியமா? இயக்கத்தின் கதையையும் சொல்லிவிடுவோம். 2008இல் பெரியார் திராவிடர் கழகம் ‘குடி அரசு’ இதழ்களில் வந்த பெரியாரின் எழுத்து, பேச்சுகளைத் தொகுதிகளாக வெளியிட முனைந்தது. உரிமை எங்களுடையது என்று திராவிடர் கழகத் தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் போயிற்று. இடைக்காலத் தடை வந்தது. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடையை நீக்கினார். மேல்முறையீடும் 2010இல் நிற்கவில்லை. தொகுதிகள் வெளிவந்தன. தனியுடைமையை ஒழிக்கச் சொன்ன ஒருவருடைய வாக்கியங்களுக்கு யார் தனியுடைமையாளர் என்று அவருடைய தொண்டர்களே நீதிமன்றத்தில் நின்றார்கள். பிழையில்லாமல் வரவேண்டும், திரிபு நுழைந்துவிடக்கூடாது என்ற கவலையும் அதில் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு நம் கையில் கிடைத்த ஒரே ஆயுதம் சொத்துச் சட்டமாக இருந்தது பாருங்கள், அதுதான் துயரம். பிரதிக்கு விசுவாசமாக இருப்பதைக் குறித்துப் பேச நமக்கு வேறு மொழியே இல்லாமல் போயிற்று.

ஜெராக்ஸுக்கு வருகிறேன். எம்.ஏ. தமிழ் படித்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்: எங்கள் பாடத்திட்டத்தைக் கரைசேர்த்தது நூலகம் அல்ல, கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடை. அச்சில் இல்லாத புத்தகம், ஒரே ஒரு பிரதியை ஆசிரியர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, நாற்பது பேருக்கு நாற்பது கட்டாக, மூலையில் பின்னடித்து வரும். சட்டம் இதை என்ன சொல்லும் என்று அன்று யோசித்தவர்கள் இல்லை. டெல்லியில் யோசிக்க வேண்டியதாயிற்று. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. பாடத்துக்குரிய பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்து ஒரே கட்டாகத் தொகுத்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர்களின் நலனுக்காகவே இந்த வழக்கு என்றார்கள். அப்போதுதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. எந்தப் புத்தகங்களின் பக்கங்கள் நகலெடுக்கப்பட்டனவோ அந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் பலரே, எங்கள் பெயரால் இதைச் செய்யாதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அமர்த்யா சென் பதிப்பகங்களைக் கண்டித்தார். உடுப்புக்குள்ளிருந்த ஆள் வெளியே தெரிந்துவிட்டது.

2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தவிர்க்க முடியாததோ தெய்வம் தந்ததோ இயற்கையானதோ அல்ல, அறிவின் வளர்ச்சிக்காகச் சமூகம் செய்துகொண்ட ஏற்பாடு என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். 1957 சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை விலக்கியிருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் இந்தக் கொள்கையை ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. நான் வாசித்த சட்ட ஆவணங்களில் மகிழ்ச்சியோடு வாசித்தது இது ஒன்றுதான்.

கொஞ்சம் பொறுங்கள். இதே வாதத்தைத்தான் இன்று இயந்திரக்காரர்கள் கையிலெடுத்திருக்கிறார்கள்: ‘நாங்களும் மாணவர்கள்தான். படித்துக் கற்றுக்கொள்கிறோம். படிப்பதற்கு எதற்குக் கப்பம்?’ 2025 ஜூனில் அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்ற நிறுவனத்தின்மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கில் நீதிபதி ஆல்சப் ஏறக்குறைய இதை ஏற்றுக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாக எழுதச் சொல்லிக்கொடுப்பதோடு அவர் இதை ஒப்பிட்டார். புத்தகங்களை விலைக்கு வாங்கி, முதுகை வெட்டிப் பிரித்து, ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கி எறிந்ததும் நியாயமான பயன்பாடுதான் என்றார். ஆற்றில் ஏடு விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. திருட்டு நூலகங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதற்காக 2025 செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. சுமார் 5 லட்சம் புத்தகங்கள், ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர்.

எழுத்தாளர் வென்றார் என்று இங்கேயும் சிலர் எழுதினார்கள். யார் அந்த எழுத்தாளர்? பங்கு கேட்க வேண்டுமானால் புத்தகம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில், குறித்த காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். 70 லட்சம் 5 லட்சமாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். திருவண்ணாமலையில் அச்சான ஒரு கவிதைத் தொகுதி அந்தக் கூடையில் கிடந்திருந்தாலும் அதற்கு அங்கே பெயர் கிடையாது. சட்டத்தின் கண்ணில் ஆசிரியன் ஆவதற்கு எழுதினால் போதாது, பதிய வேண்டும். நிலம் உழுபவனுக்கு அல்ல, பட்டாவில் பெயர் உள்ளவனுக்கு.

மாணவன் வாதத்துக்கு வருவோம். ராமேஸ்வரி கடையில் கட்டு வாங்கிய மாணவியும் இயந்திரமும் ஒன்றா? மாணவி படித்ததை யாரும் மாதச் சந்தாவுக்கு விற்பதில்லை. அவளைக் கோடிப்பேருக்கு ஒரே நேரத்தில் வாடகைக்கு விட முடியாது. அவள் எதைப் படித்தாள் என்று கேட்டால் சொல்வாள். இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் பட்டியல் தர மாட்டார்கள். டெல்லித் தீர்ப்பு பாதுகாத்தது படிப்பதை, படிப்பவளின் ஏழ்மையையும் சேர்த்து. அந்தக் குடையின் கீழ் ஒரு பன்னாட்டு நிறுவனம் வந்து ஒதுங்கி நின்றுகொண்டு ‘எனக்கும் மழை’ என்கிறது. இதை ஏற்க முடியாது என்பது சரி. ஆனால் அதற்காகக் குடையையே பிடுங்கி எறிய வேண்டும் என்கிறவர்கள், நாளைக்கு முதலில் நனையப்போவது ஜெராக்ஸ் கடை மாணவிதான் என்பதை யோசிக்க வேண்டும். சட்டத்தை இறுக்கினால் உரிமம் வாங்கக் காசிருக்கிற நிறுவனம் வாங்கிக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொள்வது நூல்களை மின்னுருவாக்கி இலவசமாக வைக்கிற நம் ஆட்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்துதான் சங்க நூல்களிலிருந்து ஊருக்குக் கொடுத்தார்கள். ஈழத்தில், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த சமூகம் 2005இல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கியது. சட்டத்தின் கடுமை இந்த மாதிரி இடங்களில்தான் முதலில் இறங்கும்.

இந்தியாவில் இந்த வழக்கு 2024 நவம்பரில் தொடங்கியது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏஐ மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்தது. எங்கள் கணினிகள் இந்தியாவிலேயே இல்லை, உங்களுக்கு விசாரிக்க அதிகாரம் கிடையாது என்பது ஓப்பன் ஏஐ சொன்ன பதில்களில் ஒன்று. காலனியக் காலத்துக் கம்பெனிகளை நினைவூட்டுகிற பதில். பதிப்பகங்களின் கூட்டமைப்பும் செய்தி நிறுவனங்களும் இடையில் புகுந்து தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லின. வெளியில் நின்று பார்த்தால் இது இரண்டு முதலாளிகளின் வழக்கு.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை ஒரு குழுவின் அறிக்கையை வெளியிட்டது. அதன் யோசனை இது: சட்டப்படி கிடைக்கிற எந்த எழுத்தையும் இயந்திரத்துக்குப் பயிற்றுவிக்கலாம், எழுதியவர் முடியாது என்று சொல்ல முடியாது, ஆனால் நிறுவனம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும், ஒரு மத்திய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். நான் இதை முதலில் படித்தபோது, பரவாயில்லையே என்றுதான் தோன்றியது. இழுத்து மூடாமல், இலவசமாகவும் விடாமல் ஒரு நடுவழி. இரண்டாவது தடவை படித்தபோது ‘பிரித்துக் கொடுக்கும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாருக்கு? பதிவு செய்துகொண்டவர்களுக்கு. மறுபடியும் பட்டா.

இங்கேதான் நமக்கே உரிய பழைய கணக்கு ஒன்று தீர்க்கப்படாமல் கிடக்கிறது. 1964இல் நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப்பாடல்க’ளைத் தொகுத்தார். பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். பாடியவள் பெயர் தேடினால் சில இடங்களில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகும். நா.வா.வைக் குறை சொல்லவில்லை. இடத்தையாவது குறித்துவைத்தவர் அவர், அவருக்குப் பின் வந்த எத்தனையோ தொகுப்புகளில் அதுவும் இல்லை. நாற்று நடுகையில், பிணத்தின் தலைமாட்டில், தொட்டிலடியில் பெண்கள் கட்டிய வரிகள் அச்சுக்கு வந்ததும் ‘தொகுப்பாசிரியர்’ என்ற ஆசிரியர் பிறந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டம் உண்டு, பதவி உயர்வு உண்டு, சட்டப்படி பதிப்புரிமையும் உண்டு. பாடியவளுக்கு வெற்றிலைபாக்கு. அவர்களில் பெரும்பாலோர் சேரியிலும் வயலிலும் இருந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. இப்போது இயந்திரம் அந்த ஒப்பாரியைக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெல்லி அமைப்பு காசு அனுப்புகிறது. அது போய்ச் சேருமிடம் தொகுப்பாசிரியரின் வாரிசு அல்லது பதிப்பகம். மரபு என்று சொல்லிப் பெயரை அழித்தோம், இப்போது பெயர் இல்லாததால் பங்கு இல்லை என்கிறோம்.

மத்திய அரசின் பாஷிணி திட்டத்தில் ‘பாஷா தான்’ என்று ஒன்று உண்டு. குடிமக்கள் தங்கள் குரலையும் வாக்கியங்களையும் இயந்திரத்துக்குத் தானமாகத் தர வேண்டும். அழகான சொல், தானம். சோழர் காலத்துக் கோயில் சுவரில் நந்தாவிளக்குக்கு 90 ஆடு கொடுத்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறது. கொடுத்தது பெண் என்றால் அவள் யார் மனைவி, யார் மகள் என்பதும் இருக்கிறது. ஆட்டை மேய்த்த இடையன் பெயர்கூடச் சில இடங்களில் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நிலப்பிரபுத்துவம்கூடத் தானம் கொடுத்தவன் பெயரைச் சுவரில் எழுதிற்று. தரவுத் தானத்துக்கு அந்தச் சுவரும் இல்லை.

அப்படியானால் என்னதான் கேட்பது என்று நண்பர்கள் மடக்குகிறார்கள். 1949ஐ மறுபடி பாருங்கள் என்கிறேன். அன்று பாரதி விடுதலைக் கழகத்தார் பாரதியின் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் ராயல்டி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டு நிற்கவில்லை. எங்களுக்கும் ஒரு பங்கு என்றும் கேட்கவில்லை. இயந்திரம் ஒருவன் கையில் இருப்பதால் பாட்டும் அவன் கையில் இருக்கிறதே, அந்த முடிச்சை அவிழ் என்றார்கள். அன்று இசைத்தட்டு இயந்திரத்தைப் பொதுவாக்க முடியாது, பாட்டைப் பொதுவாக்கினால் போதுமாயிருந்தது; பாடத் தொண்டை எல்லோரிடமும் இருந்தது. இன்று எழுத்தைப் பொதுவாக்கினால் அதனால் லாபமடைபவன் இயந்திரம் வைத்திருப்பவன் மட்டுமே. எழுத்தைப் பூட்டினால் பூட்டுச் சாவி பதிப்பகத்திடம். ஆகவே நாட்டுடைமை ஆக்கச் சொல்லிக் கேட்கவேண்டியது இந்தத் தடவை பாட்டை அல்ல, இசைத்தட்டை. நம் எல்லோருடைய எழுத்தையும் பேச்சையும் தின்று தமிழ் கற்ற ஒன்று, தமிழர் எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூலியில்லாமல் பயன்படுத்தவும் கூடியதாக இருக்க வேண்டும், எதைத் தின்றது என்ற பட்டியலோடு. அரசிடம் கொடுத்தால் அது 1928இன் அரசாகவும் இருக்கும், 1949இன் அரசாகவும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாஷிணியும் அரசினுடையதுதான். இதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. கேள்வியைப் பட்டாவிலிருந்து இங்கே நகர்த்த வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

போன மாதம் ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர் குழுவில் உட்கார்ந்திருந்தேன். முகப்பின் பின்பக்கத்தில் ‘இதிலுள்ளவற்றை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை’ என்று ஒரு வரி போடலாமா என்று பேச்சு வந்தது. டிசம்பர் அறிக்கை சட்டமானால் அந்த வரிக்கு மதிப்பில்லை என்றேன். ‘இருந்துட்டுப் போகட்டும், மானத்துக்குப் போடுவோம்’ என்றார் ஒருவர். சரி, போடுவோம். கூடவே இன்னொன்றும் போடலாம் என்றேன்: இதே இதழில் முப்பது வருஷமாக நாம் கேட்காமல் எடுத்துப் போட்ட மொழிபெயர்ப்புகள், பாட்டுகள், பேட்டிகள், யார் யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஒரு பட்டியல். பழைய இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம். மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. ஒரு இதழில் பதினொரு ஒப்பாரிப் பாட்டுகள் இருந்தன. சேகரித்த தோழரைப் போனில் பிடித்துக் கேட்டோம். ஊர் நினைவிருக்கிறது என்றார். அந்தம்மா பேர் என்னமோ, எல்லாரும் பெரியாயின்னுதான் கூப்பிடுவாங்க என்றார்.